மசோதா நிறைவேறினால் சட்டம் வந்துவிட்டதா?

2020 டிசம்பரில் முக்கூடல் பக்கத்து ஊரில் இருக்கும் என் பெரியம்மை, தான் பீடி சுற்றிக் கொடுக்கும் கடையில் அந்த வருஷத்து லீவு சம்பளத்தைக் கேட்டிருக்கிறார். "அந்தச் சட்டமே போயிட்டுல்லா, டிவில பாக்கலியா?" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் எனக்குப் போன் வந்தது. "ஏல, நெசமாவே போயிட்டா?"

அன்றைக்குப் போகவில்லை. பெரியம்மை கேட்ட சம்பளம் 1966ஆம் வருஷத்து பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தில் இருந்தது. இருபது நாள் வேலை பார்த்தால் ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சுற்றுகிறவர்களுக்கும் அது இருந்தது. இந்தச் சட்டத்தை ரத்து செய்யும் புதிய தொகுப்புச் சட்டம், அதாவது தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் பற்றியது, 2020 செப்டம்பர் 22இல் மக்களவையில் நிறைவேறியது. மறுநாள் மாநிலங்களவை. 28ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்துவிட்டது. டிவியில் சொன்னதில் பொய்யில்லை. ஆனால் அது நடைமுறைக்கு வந்தது 2025 நவம்பர் 21இல்தான். இடைப்பட்ட ஐந்து வருஷமும் 1966 சட்டம் முழு உயிரோடு இருந்தது.

நான் பார்த்தவரை அதிகம் பேர் செய்கிற தவறு இதுதான், அதிகம் பணம் போவதும் இதில்தான். இரண்டு அவையும் நிறைவேற்றி, குடியரசுத் தலைவர் கையெழுத்துப் போட்டால் மசோதா சட்டமாகிவிடும், சரி. அந்தச் சட்டம் என்றைக்கு முதல் நம்மைக் கட்டும் என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் பெரும்பாலும் சட்டத்தின் முதல் பிரிவிலேயே இருக்கும். பெயர் முதல் வரி. அதற்கடுத்து, மத்திய அரசு அரசிதழில் அறிவிக்கும் தேதியில் நடைமுறைக்கு வரும், வெவ்வேறு பிரிவுகளுக்கு வெவ்வேறு தேதியும் குறிக்கலாம் என்று ஒரு வரி. அந்த வரி இருந்தால், தேதியை அறிவிக்கும் தனி அரசிதழ் வரும்வரை பழைய சட்டம்தான். நான் அந்த முதல் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து, அந்த வரிக்குக் கீழே பேனாவால் கோடு போட்டுக் கொடுத்தேன். பெரியம்மை அதை மடித்து பீடித்தட்டில் இலைக்கு அடியில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனார். இரண்டு வாரம் கழித்துப் பணம் கைக்கு வந்தது. அதே கடையில் கேட்காமல் விட்ட மற்ற பெண்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

ஒரு சட்டத்தின் ஒரே ஒரு துண்டு மட்டும் நடைமுறைக்கு வராமல் நிற்பதும் உண்டு. இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்தது. வண்டியால் மோதி ஆளைக் கொன்றுவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடினால் பத்து வருஷம் வரை சிறை என்ற 106(2) உட்பிரிவை மட்டும் அந்த அறிவிப்பில் சேர்க்காமல் விட்டார்கள். லாரி டிரைவர்கள் அந்த ஜனவரியில் நாட்டின் பல பகுதிகளில் வண்டியை நிறுத்திப் போராடியது இதற்காகத்தான். "சட்டத்துலயே இருக்கே" என்று புத்தகத்தைக் காட்டி வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். புத்தகத்தில் இருக்கும். தேதி கொடுத்தார்களா என்று பார்க்க வேண்டும்.

ரத்தாவதிலும் இதே குழப்பம். வேளாண் சட்டங்கள் மூன்றையும் திரும்பப் பெறுவதாகப் பிரதமர் 2021 நவம்பர் 19இல் அறிவித்தார். அன்றைக்கே சட்டம் போய்விட்டது என்று பலர் நினைத்தார்கள். சட்டம் போக இன்னொரு சட்டம் வேண்டும். ரத்து மசோதா நவம்பர் 29இல் இரண்டு அவைகளிலும் நிறைவேறி, அதன்பிறகு ஒப்புதல் கிடைத்தபோதுதான் அவை போயின.

அப்புறம், கூட்டுக்குழுவையும் கூட்டுக்கூட்டத்தையும் ஒன்றாக நினைப்பது. வக்ஃப் திருத்த மசோதா 2024 ஆகஸ்டில் கூட்டுக்குழுவுக்குப் போனபோது மேலப்பாளையத்தில் ஒரு டீக்கடையில், "ரெண்டு சபையும் சேந்து ஓட்டுப் போடப் போறாவ" என்று ஒரு பெரியவர் கவலையோடு சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டுக்குழு என்பது இரண்டு அவைகளிலிருந்தும் எடுத்த சில உறுப்பினர்கள். அந்தக் குழுவில் 31 பேர். அவர்கள் மசோதாவைப் படித்து, கருத்துக் கேட்டு, அறிக்கை கொடுப்பார்கள். அதோடு அவர்கள் வேலை முடிந்தது. ஓட்டெடுப்பு மறுபடியும் அந்தந்த அவையில் தனித்தனியாகத்தான் நடக்கும், அப்படித்தான் 2025 ஏப்ரலில் நடந்தது. மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தபிறகு ஒரு சாதாரண மனிதர் தன் கருத்தை எழுதி அனுப்ப இடமிருப்பது இந்தக் குழுக் கட்டத்தில்தான். அந்த நேரத்தைப் பயந்தே கழித்துவிடுகிறோம், அதுதான் வருத்தம்.

கூட்டுக்கூட்டம் அபூர்வம். ஓர் அவை நிறைவேற்றியதை மற்றது நிராகரித்தாலோ, திருத்தங்களில் ஒத்துவராவிட்டாலோ, ஆறு மாதத்துக்கு மேல் நிறைவேற்றாமல் வைத்திருந்தாலோ குடியரசுத் தலைவர் கூட்டலாம். இதுவரை மூன்றே மசோதாக்களுக்கு நடந்திருக்கிறது: 1961இல் வரதட்சணைத் தடை, 1978இல் வங்கிப் பணித் தேர்வாணைய ரத்து, 2002இல் பொடா என்ற பயங்கரவாதத் தடுப்பு மசோதா. மாநிலங்களவை நிராகரித்த பொடா கூட்டுக்கூட்டத்தில் நிறைவேறியது. அதே வருஷம் ஜூலையில் அந்தச் சட்டத்தில் கைதானவர்களில் நம் கலிங்கப்பட்டி வைகோவும் ஒருவர். சேர்ந்து உட்கார்ந்தால் தலை எண்ணிக்கைதான். மக்களவையில் 543 இடம், மாநிலங்களவையில் 245. யார் கை ஓங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அரசியல் சட்டத் திருத்தத்துக்குக் கூட்டுக்கூட்டமே கிடையாது; ஒவ்வொரு அவையும் தனித்தனியாகச் சிறப்புப் பெரும்பான்மையோடு நிறைவேற்றியாக வேண்டும்.

"மாநிலங்களவை நினைத்தால் எதையும் தடுத்துவிடலாம்" என்பதும் "அது சும்மா, ஒன்றும் செய்ய முடியாது" என்பதும் இரண்டுமே தவறு. சாதாரண மசோதா அங்கேயே தொடங்கலாம், அங்கே தோற்கவும் செய்யலாம். பண மசோதாவில்தான் அதன் கை கட்டப்பட்டிருக்கிறது. பதினான்கு நாளுக்குள் பரிந்துரையோடு திருப்பி அனுப்பலாம். மக்களவை ஏற்றாலும் ஏற்காவிட்டாலும் மசோதா நிறைவேறியதாகவே கொள்ளப்படும். பணம் சம்பந்தப்பட்டால் எல்லாம் பண மசோதா என்று நினைக்க வேண்டாம். வரி, அரசுக் கடன், அரசின் வருவாய் சேரும் தொகுநிதி போன்ற குறிப்பிட்ட விஷயங்கள் மட்டுமே அதில் இருக்க வேண்டும். ஆமா, இல்லை என்று முடிவு சொல்பவர் மக்களவைத் தலைவர். 2016இல் ஆதார் மசோதா இந்த வழியில் வந்தது. மாநிலங்களவை ஐந்து திருத்தங்களைச் சொல்லி அனுப்பியது, மக்களவை அன்றைக்கே ஐந்தையும் தள்ளிவிட்டது. 2018இல் உச்ச நீதிமன்றத்தில் பெரும்பான்மை நீதிபதிகள் அதைப் பண மசோதாவாக ஏற்றார்கள். ஏற்காத ஒரு நீதிபதியின் பக்கம்தான் நியாயம் என்பது என் எண்ணம்.

ஓர் அவையில் நிறைவேறியதையே வெற்றியாக எண்ணிக் கொண்டாடிவிட்டு மறந்துவிடுவதும் நடக்கிறது. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இட ஒதுக்கீட்டு மசோதா 2010 மார்ச் 9இல் மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவை அதை எடுக்கவே இல்லை. 2014இல் அந்த மக்களவை கலைந்ததும் மசோதாவும் காலாவதி. மாநிலங்களவையில் தொடங்கி, இன்னும் அங்கேயே நிற்கும் மசோதா மக்களவை கலைந்தாலும் சாகாது. மக்களவை வாசலை ஒருமுறை தொட்டுவிட்டால், இரண்டு அவையும் நிறைவேற்றும்வரை அதன் ஆயுள் பெரும்பாலும் மக்களவையோடுதான்.

குடியரசுத் தலைவர் பற்றிச் சுருக்கமாக. சாதாரண மசோதாவை அவர் ஒருமுறை திருப்பி அனுப்பலாம். 2006இல் எம்.பி.க்கள் வகிக்கும் ஆதாயம் தரும் பதவி பற்றிய மசோதாவை அப்துல் கலாம் திருப்பினார். அவைகள் மறுபடி நிறைவேற்றி அனுப்பியதும் கையெழுத்திட்டார். இரண்டாம் முறை மறுக்க வழியில்லை.

கடைசியாக, நம்மூரில் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் அடிக்கடி தப்பாக எழுதுவது. தமிழ்நாட்டிலும் மேலவை இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். 1986 நவம்பர் 1ஆம் தேதியோடு அது போய்விட்டது. இங்கே ஒரே அவை, சட்டப்பேரவை. அங்கே நிறைவேறிய மசோதா ஆளுநருக்குப் போகும். மேலவையைத் திரும்பக் கொண்டுவர 2010இல் பேரவை தீர்மானம் போட்டது, அதன்படி நாடாளுமன்றம் சட்டமே இயற்றியது, குடியரசுத் தலைவர் ஒப்புதலும் கிடைத்தது. 2011இல் ஆட்சி மாறியது. மேலவை அமையவே இல்லை.