போர் தண்ணி செவப்பா மாறினத சரி பண்ண விதம்
டவுனுக்கு வெளிய வீடு வாங்கினா பல இடத்துல போர் தண்ணிதான். எங்க வீட்டுல எடுக்கும்போது தெளிவாத்தான் இருக்கும், பக்கெட்ல கொஞ்ச நேரம் வெச்சா செம்மண் கலராகி அடியில படியும், வெள்ளைத் துணி எல்லாம் கறை. லேப்ல டெஸ்ட் பண்ணதுல இரும்பு ஜாஸ்தி, லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் தாண்டினாலே கறை பிடிக்குமாம். கரைஞ்ச இரும்பு காத்து பட்டாதான் துருவா பிரியும், அதனால மேல் டேங்க்ல தண்ணிய ஷவர் வழியா தெளிச்சு விழவிட்டு, நல்லா படியவிட்டு, அப்புறம் மணல் ஃபில்டர்ல விட்டோம், இப்போ சுத்தமா வருது. ஃபில்டர அப்பப்ப தண்ணிய ரிவர்ஸ்ல விட்டு கழுவணும், இல்லன்னா அடைச்சுக்கும். துணிக் கறைக்கு பிளீச்சிங் மட்டும் போடாதீங்க, இன்னும் அழுத்தமா பிடிச்சுக்கும். வீடு பாக்கப் போறப்பவே ஒரு பாட்டில்ல தண்ணி பிடிச்சு ராத்திரி முழுக்க திறந்து வெச்சுப் பாருங்க, செப்டிக் டேங்க் போர்லேர்ந்து எவ்ளோ தூரம்னும் கேளுங்க, கிருமி டெஸ்ட் தனியா எடுத்துடுங்க.