முடக்குவாதக் கையோடு சோறு வடிக்க என்ன செய்யலாம்?

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் இன்னும் நிறைய வீடுகளில் மட்ட அரிசியை (கேரளத்துச் சிவப்புப் புழுங்கலரிசி) உலையில் போட்டு வடித்துத்தான் சாப்பிடுகிறோம். முடக்குவாதம் (மூட்டுகள் வீங்கி வலிக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ்) பிடித்த கைக்கு அந்த வடிப்பு பெரிய சோதனை. கொதிக்கிற பானையைக் கவிழ்த்துப் பிடிக்கும்போது மொத்தக் கனமும் மணிக்கட்டிலும் கட்டைவிரல் அடியிலும் வந்து இறங்கும். வீட்டில் உடனே, "விடுங்க அத்தை, நான் பார்த்துக்கறனுங்க" என்பார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் இத்தனை வருஷம் தன் கையால் சோறு போட்டவருக்கு அந்த வார்த்தை வலியைவிட அதிகமாக உறுத்தும். அந்த வேலையை அவரிடமிருந்து பிடுங்காமல், செய்யும் விதத்தை மாற்றித் தருவதுதான் ஆக்குபேஷனல் தெரபி.

முதலில் ஒரு பழைய காலண்டர் தாளைக் கிழித்துக்கொள்ளுங்கள். எங்கெங்கே வலிக்கிறது என்று எழுத வேண்டாம், அதை டாக்டரிடம் சொல்லலாம். செய்ய முடியாமல் போன வேலைகளை எழுதுங்கள்: சோறு வடிப்பது, தேங்காய் துருவுவது, துணி பிழிவது, ஊக்கு மாட்டுவது, பஸ்ஸில் கம்பியைப் பிடித்து ஏறுவது. அதில் உங்களுக்கு ரொம்ப முக்கியமான ஐந்தை எடுத்து ஒவ்வொன்றுக்கும் இரண்டு மார்க் போடுங்கள். இப்போது எவ்வளவு நன்றாகச் செய்ய முடிகிறது, அதில் எவ்வளவு திருப்தி, இரண்டுக்குமே 1 முதல் 10 வரை. 1991-ல் கனடாவில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் வெளியிட்ட சி.ஓ.பி.எம். என்ற அளவீட்டை வீட்டுக்கு ஏற்றபடி சுருக்கினால் இதுதான். ஆராய்ச்சிகளிலும் பல நாடுகளில் இதைப் பயன்படுத்துகிறார்கள். மார்க்கை நோயாளிதான் போட வேண்டும், மகனோ மருமகளோ குறுக்கே வரக் கூடாது. 2 மார்க் ஏறினால் அது கணக்கில் எடுக்க வேண்டிய முன்னேற்றம்.

சரி, ஐந்தில் ஒன்றை மட்டும் இப்போது பிடியுங்கள். வடிப்பையே எடுத்துக்கொள்வோம். நீங்கள் வடிக்கும்போது யாராவது போனில் வீடியோ எடுக்கட்டும், அப்புறம் உட்கார்ந்து பாருங்கள்: எங்கே விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்கின்றன, எங்கே இறுக்கிப் பிடிக்கிறீர்கள், எங்கே தூக்குகிறீர்கள். மாற்ற வேண்டிய இடங்கள் அவைதான். சின்ன மூட்டில் விழும் கனத்தைப் பெரிய மூட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், நகர்த்த முடிந்த பொருளைத் தூக்கக் கூடாது. பானையைச் சாய்த்துச் சோறு வடிக்கும் ஸ்டாண்ட் பாலக்காட்டுப் பக்கத்துப் பாத்திரக் கடைகளில் கிடைக்கும், ஆனால் பானையை அதில் ஏற்றும்வரை கனம் உங்கள் கையில்தான் இருக்கும், அதனால் விரல் வீங்கியிருப்பவர்களுக்கு நான் அதை முதலில் சொல்ல மாட்டேன். பானையைக் கவிழ்க்கவே வேண்டாம். கண்கரண்டியால் சோற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளி, பக்கத்திலேயே வைத்த வடிகூடையில் போடுங்கள். கஞ்சி பானையிலேயே இருக்கட்டும், ஆறிய பிறகு சின்ன டம்ளரால் மொண்டு ஊற்றலாம். கரண்டிக் காம்பு ஒல்லியாக இருந்தால் விரலை ரொம்ப மடக்க வேண்டி வரும், அதில் பழைய வேட்டித் துணியைச் சுற்றிக் கட்டித் தடிமனாக்குங்கள்.

நிற்பதே கஷ்டம் என்றால் சூடாறாப்பெட்டி இருக்கிறது. விறகு மிச்சம் பிடிக்க, கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற அறிவியல் இயக்கம் பரப்பிய பெட்டி அது. அரிசியைக் கொஞ்ச நேரம் கொதிக்கவிட்டுப் பானையை உள்ளே வைத்து மூடினால், மிச்சத்தை அந்தச் சூடே வேகவைக்கும். பானையை உள்ளே இறக்குவதை மட்டும் வேறு யாராவது செய்யட்டும்.

இதையெல்லாம் படித்துத் தலையாட்டினால் போதாது என்பதற்கு ஆதாரமே இருக்கிறது. 2001-ல் பிரிட்டனில் முடக்குவாதம் உள்ள 127 பேரை வைத்து ஓர் ஆய்வு வெளிவந்தது. இரண்டு குழுவுக்கும் 8 மணி நேரப் பயிற்சி. ஒரு குழுவுக்கு நோயைப் பற்றிய வழக்கமான விளக்கம், கூடவே மூட்டைக் காப்பது பற்றியும் கொஞ்சம். மற்றக் குழுவினர் கையால் செய்து, திரும்பத் திரும்பப் பழகி, தங்களுக்கென்று இலக்கு வைத்துக்கொண்டார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், பழகியவர்களுக்குத்தான் கைவலி குறைந்திருந்தது. அதனால் தெரபிஸ்டிடம் போகும்போது உங்கள் கரண்டியையும் சமையலறைப் போட்டோவையும் எடுத்துப்போங்கள், "இதை வைத்துச் செய்து காட்டுங்க, நானும் செய்யறேன்" என்று கேளுங்கள். வீட்டில் அதே விதத்தில் தினமும் செய்யுங்கள்.

கைப்பயிற்சியையும் விட்டுவிட வேண்டாம். 2015-ல் வெளியான இன்னொரு பிரிட்டிஷ் ஆய்வில், 490 பேரில் கைக்கு வலுவூட்டும் பயிற்சியும் நீட்டல் பயிற்சியும் செய்தவர்களுக்கு ஒரு வருஷம் கழித்தும் கை கூடுதலாக உதவியது. அவர்கள் மருந்தை நிறுத்திவிட்டுச் செய்யவில்லை, நீங்களும் நிறுத்தாதீர்கள்.

காலையில் விரல்கள் விறைப்பாக இருக்கும் நேரத்தில் கனமான வேலை வேண்டாம், உலையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். வேலை முடிந்து 2 மணி நேரம் கழித்தும் வலி அதிகமாகவே இருந்தால் மறுநாள் அளவைக் குறையுங்கள். மூட்டு சிவந்து, சூடாகி, வீங்கினால் கைக்கு ஓய்வு கொடுத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

தெரபிஸ்டைத் தேட கோயம்புத்தூர் பக்கம் என்பதால் பலர் அங்கே போகிறார்கள். திருச்சூர் மாவட்டம் கல்லேற்றுங்கரையில் கேரள அரசின் நிப்மர் என்ற மறுவாழ்வு சிகிச்சை நிறுவனத்திலும் ஆக்குபேஷனல் தெரபி உண்டு. ஒரு மாசம் கழித்து அதே காலண்டர் தாளில் மறுபடி மார்க் போடுங்கள். வடிப்பில் 2 ஏறியிருந்தால் தேங்காய்த் துருவலுக்குப் போகலாம். ஏறவில்லையென்றால் வீடியோவை இன்னொரு தடவை எடுங்கள், கரண்டியின் காம்பிலிருந்தே மறுபடி பாருங்கள்.