டைமிங் கவர் போல்ட்டுக்கு ஒரு பழைய அட்டை

புளியரையில் வீட்டு முற்றத்திலேயே பிக்கப் வண்டியின் டைமிங் கவரை (இன்ஜின் முன்பக்கம் டைமிங் செயின் அல்லது கியரை மூடும் மூடி) மாற்றினேன். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, ஆயிலும் கூலண்டும் வடித்தாயிற்று. அப்புறம்தான் கவனம் வேண்டும்: போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. பழைய அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, கழற்றக் கழற்ற அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள். நீள போல்ட் ஆழமில்லாத துளைக்குள் போனால் அடியில் முட்டி நிற்கும். இறுகியது போலத் தோன்றும், ஆனால் கவர் அழுந்தாது. விடாமல் முறுக்கினால் அலுமினியத்தில் மரை போச்சு. (போன தடவை எனக்கு அப்படித்தான் ஆனது, நேந்திரங்காய் லோடு ஆரியங்காவு மலைப்பாதை ஏறாமல் இரண்டு நாள் கிடந்தது.) பழைய கேஸ்கெட்டை (கவருக்கும் இன்ஜினுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் மெல்லிய பட்டை) ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டாதீர்கள், கீறல் வழியே ஆயில் கசியும். பிளாஸ்டிக் சுரண்டியே போதும். கிராங்க் ஷாஃப்டைச் சுற்றி ஆயில் கசியாமல் பிடிக்கும் ரப்பர் வளையமான கிராங்க் சீலின் உதட்டில் துளி ஆயில் தடவிக் கவரை ஏற்றுங்கள். சீலன்ட் (கசிவை அடைக்கும் பசை) போட்டிருந்தால், டியூபில் சொன்ன நேரம் காய்ந்த பிறகே ஆயில் ஊற்றுங்கள்.