ஜெபத்துல ஆரம்பிச்சு ஆலய வளாகம் வரைக்கும்: எல்லா ஜீவன் மேலயும் இரக்கமா இருக்கப் பழகுறது எப்படி

மிருகங்க மேல இரக்கம்னா அது சிலருக்கு இயல்பா வர்ற குணம், இருந்தா நல்லது இல்லாட்டி பரவாயில்லன்னுதான் சபைகள்ல நிறைய பேர் நினைக்கிறாங்க. வேதத்தைத் திறந்து பார்த்தா அப்படி இல்லவே இல்லங்க, அங்க இது கட்டளையா இருக்கு. அதனால சோகமான வீடியோ பார்த்து மனசு உருகி ஆரம்பிக்காதீங்க, அது ரெண்டு நாள்ல ஆறிடும், வாசிப்புல இருந்து ஆரம்பிங்க.

முதல் வாரம் சில பகுதிகளை மட்டும் எடுத்து மெதுவா வாசிங்க. யாத்திராகமம் 23ல உன்னைப் பகைக்கிறவனோட கழுதை சுமையோட விழுந்து கிடந்தா தாண்டிப் போகாதே, அவன்கூட சேர்ந்து தூக்கிவிடுன்னு இருக்கு, யோசிச்சுப் பாருங்க, சண்டை அவனுக்கும் உங்களுக்கும்தான், அந்தக் கழுதை என்ன பண்ணிச்சு? அதே அதிகாரத்துல ஓய்வுநாளுக்குக் காரணம் சொல்றப்போ மாடும் கழுதையும் இளைப்பாறணும்னு வருது. உபாகமம் 25:4ல கதிரை மிதிச்சுப் போரடிக்கிற மாட்டு வாயைக் கட்டாதேன்னு, 22:6ல கூட்டுல குஞ்சுகளோட இருக்கிற தாய்ப்பறவையைப் பிடிக்காதேன்னு. அப்புறம் ஆதியாகமம் 9, நோவாவோட செஞ்ச உடன்படிக்கை மனுஷனோட மட்டும் இல்ல, பேழையை விட்டு வந்த எல்லா உயிரோடயும்தான். கடைசியா யோனா புத்தகத்தோட முடிவு. நினிவே மேல ஏன் பரிதாபப்படக்கூடாதுன்னு ஆண்டவர் கேக்குறப்போ 1,20,000 பேருக்கும் மேல ஜனங்க இருக்காங்க, நிறைய மிருகங்களும் இருக்குன்னு சேர்த்தே சொல்றார்.

இதை வாசிச்சதும் யாராவது 1 கொரிந்தியர் 9:9ஐ எடுத்துட்டு வருவாங்க, மாடுகளுக்காகவா தேவன் கவலைப்படுறார்னு பவுலே கேட்டிருக்காரேன்னு. பவுல் அங்க பேசுறது ஊழியக்காரரோட கூலியைப் பத்தி, மாட்டுக்கே தின்ன உரிமை இருக்குன்னா உழைக்கிற மனுஷனுக்கு இல்லையான்ற வாதம் அது. அதனால மாட்டுக்கான கட்டளை ரத்து ஆகிடாது. சண்டை போடாம இதைப் பொறுமையா சொல்லுங்க.

அந்த சட்டங்கள்ல பாதிக்கு மேல நம்ம கைக்குக் கீழ இருக்கிற மிருகத்தைப் பத்தினது. நீங்களும் அங்கதான் தொடங்கணும். வீட்டு நாய் நாள் முழுக்க சங்கிலியில கிடக்குதா, பறவையைக் கூண்டுல வச்சிருக்கீங்களா, வண்டி இழுக்கிற மிருகத்துக்கு வாரத்துல ஒரு நாளாவது ஓய்வு இருக்கா? எலித் தொல்லைக்குப் பசை அட்டை வைக்கிறவங்க தயவுசெஞ்சு அதை விட்டுடுங்க, அதுல மாட்டுன எலி உடனே சாகாது, மணிக்கணக்கா துடிக்கும், சின்னப் பறவை, பல்லியெல்லாம் கூட மாட்டும். முதல்ல ஓட்டையை அடைச்சு தானியத்தை மூடி வைங்க. கொன்னே ஆகணும்ற நிலைமை வந்தாலும் வேதனை குறைவா இருக்கிற வழியத் தேடுறது உங்க பொறுப்பு.

அடுத்து ஆலயம். கல்யாணம், அடக்க ஆராதனையில வெள்ளைப் புறா பறக்கவிடுற பழக்கம் சில இடங்கள்ல இருக்கு, பரிசுத்த ஆவிக்கு அடையாளம்னு சொல்றாங்க. அந்தப் புறாக்கள் பலதும் கூண்டுல வளர்ந்தது, வெளிய இரை தேடத் தெரியாது, வெள்ளையா இருக்கிறதால பருந்து கண்ணுக்கு சுலபமா படும். அடையாளத்துக்காக ஒரு உயிரை சாக விடுறதுல எனக்கு சம்மதமே இல்ல, பாடலோ மெழுகுவர்த்தியோ போதும். கல்லறைத் தோட்டத்துல ஒரு ஓரத்தைப் புல் வெட்டாம மருந்து அடிக்காம விட்டா தேனீ, வண்ணத்துப்பூச்சி தானா வரும். எத்தியோப்பியா மேட்டுநிலத்துல சுத்தி எல்லாம் வயலா மாறின பிறகும் பழைய ஆலயங்களைச் சுத்தி மட்டும் காடு மிச்சம் இருக்கு, அந்த மரங்களும் ஆலயத்தைச் சேர்ந்ததுன்னு ஜனங்க காப்பாத்தினதாலதான். கூடு கட்டுற காலத்துல மரம் வெட்டாதீங்கன்னு கமிட்டியில கேளுங்க. ராத்திரி தேவையில்லாத வெளிவிளக்கை அணைச்சா வலசை போற பறவைகளுக்கு திசை குழம்பாது.

குஞ்சு கீழ விழுந்து கிடந்தா என்ன பண்றதுன்னு பிள்ளைங்க அடிக்கடி கேப்பாங்க. இறகு முளைக்காத குஞ்சுன்னா மெதுவா எடுத்து கூட்டுலயே வைக்கலாம், மனுஷக் கை பட்டா தாய் சேர்க்காதுன்றது உண்மை இல்ல. இறகு முளைச்சு தத்தித் தத்திப் போறதுன்னா அது பறக்கப் பழகுது, பூனை நாய் வராம பார்த்துக்கிட்டு விட்டுடுங்க. அடிபட்டிருந்தா மட்டும் மருத்துவர்கிட்ட கொண்டு போங்க.

ஜெபத்துக்கு சங்கீதம் 104 நல்ல துணை, காட்டுக்கழுதை, நாரை, சிங்கக்குட்டி எல்லாமே அங்க ஆண்டவர் கையில இருந்து சாப்பிடுதுங்க. 7ம் நூற்றாண்டுல அதே நினிவே ஊருக்கு பிஷப்பா இருந்த ஈசாக்கு, இரக்கமுள்ள இருதயம்னா மனுஷருக்காகவும் பறவைகளுக்காகவும் மிருகங்களுக்காகவும் எரியுற இருதயம், எந்த ஜீவனுக்கு சின்ன காயம் வந்தாலும் அதால தாங்க முடியாதுன்னு எழுதினார், ஊர்வன வரைக்கும் அவர் ஜெபத்துல இடம் இருந்துச்சு. நீங்க ராத்திரி ஜெபத்துல அன்னிக்குப் பார்த்த ஒரு ஜீவனைக் குறிப்பா சொல்லுங்க, "எல்லா உயிர்களுக்காகவும்"னு பொதுவா சொன்னா மனசு எதையும் பிடிக்காது. செல்ல நாய் செத்து அழுற ஒருத்தர்கிட்ட மிருகத்துக்கு ஆத்துமா இருக்கா இல்லையான்னு விவாதம் பண்ணாதீங்க. பக்கத்துல உக்காந்து அவங்களோட ஜெபிங்க.

ஜெபத்தோட செயலும் வேணும். 1824ல லண்டன்ல மிருகவதைத் தடுப்புச் சங்கம் தொடங்கினப்போ முன்னாடி நின்னவர் ஆர்தர் புரூம்ன்ற போதகர், அந்தச் சங்கத்தோட கடனுக்காக அவர் ஜெயிலுக்கே போனார். உபவாசத்தையும் இதுக்குப் பயன்படுத்தலாம், எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபையில புதன், வெள்ளி இறைச்சி, பால், முட்டை எதுவும் தொடமாட்டாங்க. நீங்க வாரத்துல ஒரு நாளாவது ஆரம்பிங்க.

செப்டம்பர் 1ல இருந்து அக்டோபர் 4, அதாவது மிருகங்களை நேசிச்ச துறவி அசிசி பிரான்சிஸோட நினைவுநாள் வரைக்கும் பல சபைகள் படைப்பின் காலம்னு கொண்டாடுறாங்க. உங்க சபையில இல்லைன்னா முன்கூட்டியே போதகர்கிட்ட பேசி ஒரு ஞாயிறு கேளுங்க. மிருகங்களை ஆசீர்வதிக்கிற ஆராதனை வச்சா திறந்தவெளியில வைங்க, ஒலிபெருக்கியைக் குறைங்க, நிழலும் தண்ணியும் இருக்கட்டும், கூட்டம் கண்டா பயப்படுற மிருகத்தை வீட்டுலயே விட்டுட்டு அதோட போட்டோவைக் கொண்டு வரச் சொல்லுங்க.