தோழன்மாருக்கு ரோச் லைற் வாங்கும்போது விடுகிற பிழைகள்

மாப்பிள்ளையின் கால் கழுவிவிடும் மச்சானுக்கு மோதிரம் போடுவது பழைய வழமை. இப்போது கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு, வவுனியாப் பக்கக் கலியாணங்களில் அதற்கு மேலே இன்னொன்றும் நடக்கிறது. தோழனாக நின்றவர், பந்தலில் நின்று மாய்ந்த பெடியள், பெண்ணுக்கு உதவியாக நின்ற தோழிமார் எல்லோருக்கும் மாப்பிள்ளை பொம்பிளை தங்கள் கையால் ஒரு சின்ன அன்பளிப்புக் கொடுக்கிறார்கள். பெரும்பாலும் மணிக்கூடு, பேர்ஸ், சென்ற் போத்தல். அந்த வரிசையில் கைக்கடக்கமான ரோச் லைற்றும் சேர்ந்தால் எனக்குச் சந்தோசம்தான். தெரு லைற் இல்லாத ஒழுங்கை, குளக்கட்டுப் பாதை, இரவுக் காவலுக்குப் போகிற வயல் என்று இருக்கிற ஊருக்கு சென்ற் போத்தலைவிட அது உதவும். ஆனால் வாங்குகிற விதத்தில் பிழை விட்டால் மூன்றாம் மாதமே லாச்சிக்குள் போய்விடும்.

“போனிலேயே லைற் இருக்கே” என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். இருக்கிறது. கட்டிலுக்குக் கீழே செருப்புத் தேட அது போதும். மாரி மழையில் வரம்பில் நடக்கும்போது, அல்லது நடுவழியில் மோட்டார் சைக்கிள் செயின் கழன்று இரண்டு கையும் கிறீஸாக நிற்கும்போது போனை எடுத்துப் பிடித்துப் பாருங்கள். கையில் இருந்து வழுக்கினால் போவது லைற் மட்டுமல்ல, போனும்தான்.

பெட்டியில் எழுதிய எண்ணை நம்புவது

இதுதான் முதல் பிழை, பெரிய பிழையும் இதுதான். லுமன் என்பது விளக்கிலிருந்து வெளியே வரும் மொத்த ஒளியின் அளவு. மலிவு ரோச்சுகளின் பெட்டியில் பத்தாயிரம், ஐம்பதாயிரம், ஏன் ஒரு லட்சம் லுமன் என்றுகூட அடித்திருப்பார்கள். விரல் நீள ரோச் ஒன்று பத்தாயிரம் லுமனைத் தொடர்ந்து கொடுக்க முடியாது. அந்தச் சூட்டைத் தாங்க உலோகமும் இல்லை, அந்த மின்னைக் கொடுக்கப் பற்றரியும் இல்லை. ஒரு பென்ரோச் பற்றரியில் எரியும் நல்ல ரோச் சில நூறு லுமன் வரை தரும். வளவுக்குள் நடக்க 50 லுமனே தாராளம். அதோடு, லுமன் இரண்டு மடங்கானால் கண்ணுக்கு வெளிச்சம் இரண்டு மடங்காகத் தெரியாது. அப்படித் தெரிய ஏறக்குறைய நான்கு மடங்கு வேண்டும்.

நம்பத்தக்க கம்பனிகள் ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 என்ற அளவுமுறைப்படி எண்களைப் போடும். 2009இல் வந்த முறை அது. அதில் எரியும் நேரம் என்பது வெளிச்சம் தொடக்கத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை உள்ள நேரம். ஆகவே “1000 லுமன், 3 மணித்தியாலம்” என்று கண்டால் மூன்று மணித்தியாலமும் ஆயிரம் லுமன் எரியும் என்று எண்ணாதீர்கள். சில நிமிடத்தில் சூடேறித் தானாகவே இறங்கி, மிச்ச நேரம் முழுக்கக் குறைந்த வெளிச்சத்தில் ஓடும் ரோச்சுகள்தான் அதிகம். வாங்கும்போது உச்ச எண்ணை விட்டுவிட்டு நடு நிலையில் எத்தனை லுமன், எத்தனை மணித்தியாலம் என்று பாருங்கள். பாவிக்கிறவர் கையில் பெரும்பாலும் எரியப்போவது அதுதான்.

எவ்வளவு தூரம் அடிக்கும் என்பது வேறு கணக்கு. அதற்குக் கன்டெலா என்ற எண்ணைப் பாருங்கள். அதன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீற்றரில் தூரம் வரும். 2500 கன்டெலா என்றால் 100 மீற்றர், 10000 என்றால் 200 மீற்றர். அந்த எல்லையில் கிடைக்கும் வெளிச்சம் முழு நிலவு அளவுதான், பகல் மாதிரி இராது. ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, துணுக்காய்ப் பக்கம் இரவில் மோட்டார் சைக்கிள் ஓடுகிறவனுக்கு இது விளையாட்டு எண் இல்லை. முன்னால் றோட்டில் கறுப்பாக நிற்பது பற்றையா யானையா என்று தூரத்தில் வைத்தே தெரிய வேண்டும். வவுனியா ரவுணில் கடை வைத்திருக்கும் தோழனுக்கு அந்தத் தூரம் தேவையில்லை. கூர்ந்து அடிக்கும் ஒளியில் பக்கத்தில் இருப்பது சரியாகத் தெரியாது, அவருக்கு அகலமாகப் பரவும் ஒளிதான் நல்லது. எல்லோருக்கும் ஒரே ரோச் என்பது பெட்டி கட்ட வசதி, அவ்வளவுதான். ஆளைப் பார்த்து இரண்டு வகை வாங்குவதால் ஒரு குறையும் வராது.

பற்றரியைக் கடைசியில் யோசிப்பது

ரோச் கடையில் நின்று நிறம், பாரம், எழுத்துப் பொறிப்பு எல்லாவற்றையும் பேசுவார்கள். பற்றரி என்ன வகை என்று கேட்பது காசு கொடுக்கும்போதுதான். வன்னியில் பற்றரியின் அருமையை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் பற்றரியும் தடைப்பட்ட பொருள். செத்த பற்றரியை வெயிலில் காயவைத்துத் திரும்பப் போட்டதையும், ஜாம் போத்தலுக்குள் பஞ்சுத்திரி வைத்துத் துளி மண்ணெண்ணெயில் படித்ததையும் வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். அந்த ஊருக்கு, கொழும்பில் மட்டும் கிடைக்கிற பற்றரி போடும் ரோச்சைக் கொண்டுபோய்க் கொடுப்பது சரியா என்று யோசியுங்கள்.

என் விருப்பம், கிராமத்தில் இருக்கிறவருக்குப் பென்ரோச் பற்றரி, அதாவது ஏஏ அளவு. மல்லாவியில் இருக்கும் சின்னக் கடையிலும் அது கிடைக்கும். அதோடு நிக்கல் வகை ரீசார்ஜ் பற்றரி இரண்டும் சார்ஜர் ஒன்றும் வைத்துக் கொடுத்தால் அன்பளிப்பு முழுமை. அந்தப் பற்றரி தீர்ந்த இரவில் கடைப் பற்றரியைப் போட்டுச் சமாளிக்கலாம். கடையில் வாங்கும் அல்கலைன் பற்றரியை மாதக்கணக்கில் ரோச்சுக்குள் விட்டால் கசியும், வெள்ளைப் பொடி பூத்து உள் முனைகளை அரித்துவிடும். இந்த ஒரு காரணத்தால் போன நல்ல ரோச்சுகள் எத்தனையோ.

ஒரு எச்சரிக்கை. 14500 என்று ஒரு லிதியம் பற்றரி இருக்கிறது. உருவத்தில் பென்ரோச் பற்றரியேதான், வித்தியாசம் தெரியாது. ஆனால் சாதாரணப் பற்றரி 1.5 வோல்ற், இது 3.7, முழுதாகச் சார்ஜ் ஏறினால் 4.2. அதற்கென்று செய்யாத ரோச்சில் போட்டால் உள்ளே எரிந்துபோகும். இரண்டும் போடலாம் என்று ரோச்சிலேயே எழுதியிருந்தால் மட்டும் சரி.

18650 என்ற பெரிய லிதியம் பற்றரி போடும் ரோச்சும் நல்லதுதான். அதில் 18 என்பது மில்லிமீற்றரில் விட்டம், 65 என்பது நீளம். கூடுதல் நேரம் எரியும். இங்கேதான் போலிகள் கூட்டமாக நிற்கின்றன. இந்த அளவில் நல்ல பற்றரிகளின் கொள்ளளவு 3500 மில்லி அம்பியர் மணிக்குக் கிட்ட இருக்கும். 9900 என்று எழுதியிருந்தால் யோசிக்கவே வேண்டாம், பொய். கண்டுபிடிக்க இலகுவான வழி நிறுத்துப் பார்ப்பது. உண்மையான பற்றரி 45 கிராமுக்குக் கிட்ட இருக்கும். போலி கையில் எடுத்ததுமே இலேசாகத் தெரியும், சிலதுக்குள் சின்னப் பற்றரியும் பாரத்துக்கு ஏதோ பொடியும்தான். தாலிக்கொடி எடுக்கப் போகிற நகைக்கடையில் தராசு இருக்கும், அப்படியே பற்றரியையும் வைத்துப் பாருங்கள். பத்தர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பரவாயில்லை.

உள்ளே பற்றரி நிரந்தரமாகப் பூட்டி, பின்பக்கம் பிளக் நீட்டிக்கொண்டு நேரே கரண்டில் குத்துகிற ரோச்சுகள் எல்லாக் கடையிலும் தொங்கும். பலதுக்குள் இருப்பது ஈய அமிலப் பற்றரி. சார்ஜ் இறங்கியபடி சில மாதம் கிடந்தால் செத்துவிடும், மாற்றவும் ஏலாது. அன்பளிப்புக்கு வேண்டாம். யூஎஸ்பி-சி சார்ஜ் உள்ளது வாங்குவதென்றால், போன் சார்ஜரின் இரண்டு பக்கமும் சி முனை உள்ள வயரைக் குத்தி ஏறுகிறதா என்று கடையிலேயே பாருங்கள். மலிவானவற்றில் அதற்கான சின்ன றெசிஸ்ரரை வைக்காமல் விட்டுவிடுவார்கள். ஒரு பக்கம் பழைய பெரிய முனை உள்ள வயரில் மட்டும் ஏறும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படி ஒரு காலத்தில் கழற்றி மாற்றக்கூடிய பற்றரி இரண்டு வைத்திருந்தவருக்குத்தான் நிம்மதி.

வெள்ளை கூடினால் நல்லது என்று நினைப்பது

நீலம் பாய்ந்த வெள்ளை ஒளி கடையில் பளிச்சென்று இருக்கும், பக்கத்து மஞ்சள் ஒளி மங்கலாகத் தெரியும். வெளியே வந்து இரவில் காய்ந்த வைக்கோலின் மேல் அடித்துப் பாருங்கள். நீல வெள்ளையில் எல்லாம் ஒரே சாம்பல் தட்டி நிற்கும். கபில நிறங்கள் ஒன்றோடு ஒன்று கலந்துவிடும். கண்ணாடி விரியன் கிடப்பது அந்தக் கபில நிறத்துக்குள்தான். நிறத்தை உள்ளபடி காட்டும் திறனைச் சிஆர்ஐ என்று எழுதுவார்கள், உச்சம் 100. சாதாரண ரோச் 70 அளவில் இருக்கும், 90க்கு மேல் உள்ளதைக் கேட்டு வாங்கினால் வித்தியாசம் தெரியும். நிறவெப்பம் 4000 முதல் 5000 கெல்வின் வரை இருந்தால் இதமாக இருக்கும். 6500 என்றால் நீலம்.

பாவிக்கிறவரின் உடுப்பை மறப்பது

ரோச்சில் இருக்கும் கிளிப் காற்சட்டைப் பொக்கற்றில் மாட்டத்தான். இரவில் எங்கள் ஆட்கள் கட்டியிருப்பது சாரம். அதில் பொக்கற்றே இல்லை, மடியில் செருகினால் நடக்க நடக்க இறங்கும். வயல், தோட்டம் என்று இருக்கிறவருக்குக் கையில் போடும் வார் உள்ளதை வாங்குங்கள், அல்லது நெற்றியில் கட்டும் லைற்றாகவே கொடுங்கள். நந்திக்கடலில் இரவில் இறால் பிடிக்கப் போகிறவனிடம் கேட்டால் இரண்டு கையும் சும்மா இருக்க வேண்டும் என்பான். அவனுக்கு ஐபிஎக்ஸ்7 குறியாவது வேண்டும், அது ஒரு மீற்றர் தண்ணீருக்குள் அரை மணித்தியாலம் தாங்கும். ஐபிஎக்ஸ்4 தூறலுக்கு மட்டும். தலையை முன்னும் பின்னும் இழுத்து ஒளியைக் கூர்மையாக்கும் வகை தண்ணீருக்கு நல்லதில்லை, இழுக்கிற இடத்தால் ஈரம் போகும்.

தோழிமாருக்கு ரோஸ் நிறத்தில் விளையாட்டுச் சாமான் மாதிரி ஒன்றைக் கொடுப்பதும் ஒரு பிழை. கம்பஸ் முடிந்து கடைசி பஸ்ஸில் இறங்கி ஒழுங்கையால் நடந்து போகிறவளுக்கு ஆண்களுக்குக் கொடுக்கும் அதே தரம் வேண்டும். கைப்பையில் போகிற அளவாக, ஒரு பற்றரியோடு இருந்தால் சரி.

முகப்பில் பல்லுப் பல்லாக வெட்டிய, அடிக்கவும் உதவும் என்று விற்கிற ரோச் பொக்கற்றைக் கிழிக்கும், வேறு பிரயோசனம் இல்லை. படைச் சீருடை நிறத்தில் உள்ளதையும், மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவி சேர்ந்ததையும் தொடவே வேண்டாம். நம்முடைய ஊரில் அதை ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, சோதனையில் அவரை விளக்கம் சொல்ல வைக்கக் கூடாது. சுவிட்ச்சும் எளிமையாக இருக்கட்டும். ஒரு தரம் அமத்தினால் இது, இரண்டு தரம் அமத்தினால் அது, பிடித்துக்கொண்டிருந்தால் மின்னும் என்று போகிற ரோச்சை அந்த வீட்டு அம்மம்மா அவசரத்துக்கு எடுத்தால் அணைக்கத் தெரியாமல் தலையணைக்குக் கீழே வைத்துவிடுவார்.

பெயர் பொறிப்பதும் கட்டிக் கொடுப்பதும்

அலுமினிய ரோச்சில் லேசரால் பெயர் பொறித்தால் அழகாக இருக்கும். ஆனால் பொறித்த பிறகு கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டார். முதலில் வீட்டை இருட்டாக்கி, எல்லா ரோச்சையும் வெள்ளைச் சுவரில் அடித்து, ஒவ்வொரு நிலையையும் போட்டுப் பாருங்கள். முழுதாக ஒரு தரம் சார்ஜ் ஏற்றி இறக்குங்கள். அதன் பிறகு பொறிக்கக் கொடுங்கள். தமிழில் என்றால் எழுத்தைத் தாளில் எழுதி மாப்பிள்ளையிடம் காட்டிவிட்டுக் கொடுப்பது நல்லது. கால், கொம்பு, புள்ளி எல்லாம் பறந்துபோன பெயர்கள் கண்டிருக்கிறேன்.

கனடாவிலோ லண்டனிலோ இருந்து வருகிற சித்தப்பாவிடம் சொல்லி எடுப்பிக்கிறீர்கள் என்றால், தனியாக வரும் லிதியம் பற்றரிகளைக் கைப்பொதியில்தான் கொண்டுவர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பெரிய சூட்கேசில் போட்டால் விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். ரோச்சோடு இருக்கும் பற்றரியும் தற்செயலாக எரியாதபடி இருக்க வேண்டும், வால் மூடியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டால் பலதில் சுவிட்ச் வேலை செய்யாது. பிறகும் காற்சட்டைப் பொக்கற்றில் வைக்கும்போது இதையே செய்யலாம். பெரிய ரோச் பொக்கற்றுக்குள் தானாக எரிந்தால் துணியைப் பொசுக்கும், தொடையையும் சுடும்.

புது ரோச்சில் பற்றரிக்கும் மூடிக்கும் நடுவே சின்ன பிளாஸ்ரிக் வில்லை ஒன்று வைத்திருப்பார்கள். சோதித்துப் பார்க்கும்போது அதை எடுத்திருந்தால் கட்டும்போது திரும்ப வையுங்கள், பெட்டிக்குள்ளேயே எரிந்து தீராது. கொடுக்கும்போது “மூடியைக் கழற்றி அதை எடுத்துவிடு” என்று சொல்லிக் கொடுங்கள். சொல்லாமல் விட்டால் மறுநாள் காலையிலேயே “மச்சான், எரியுதில்லையே” என்று போன் வரும், நீங்கள் அப்போது நாலாம் சடங்கு அலுவலில் நிற்பீர்கள்.