பார்த்தீனியத்தைப் பிடுங்கும் முன் மண்ணின் விதை வங்கியைச் சோதிப்பது எப்படி?

கைவிடப்பட்ட நிலத்தில் பார்த்தீனியத்தை வேரோடு பிடுங்கிவிட்டால் பழைய புல்லும் செடியும் தாமாகத் திரும்பும் என்று நம்பினேன். அடுத்த மழைக்கு மறுபடி பார்த்தீனியமே முளைத்தது. ஒரு செடி 15,000 விதைகளுக்கு மேல் உதிர்க்கக்கூடியது. அது மூடிய இடத்தில் மற்றவை பூத்து விதைப்பது குறைந்துவிடுகிறது; மண்ணில் முளைக்காமல் உயிரோடு கிடக்கும் விதைகளின் இருப்பான விதை வங்கியில் பழைய விதைகளும் ஆண்டுக்காண்டு மடிகின்றன. அவற்றில் எவை மிஞ்சியிருக்கின்றன என்று பார்க்கத்தான் இந்தச் சோதனை.

1. மண் எடுத்தல்: புது விதை உதிரும் முன், 5 செ.மீ. விட்டமுள்ள குழாயை 10 செ.மீ. ஆழத்துக்கு அடித்து இறக்குங்கள். மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் தனித்தனியே வையுங்கள். கீழே கிடப்பவை பெரும்பாலும் பழைய விதைகள். செடி அடர்ந்த பகுதியில் 20 இடம், அது எட்டாத பக்கத்துப் பகுதியில் 20 இடம். திருகித் துளைக்கும் கருவி வேண்டாம், அடுக்குகளைக் கலந்துவிடும். விளிம்பு தீட்டிய இரும்புக் குழாய்தான் என் தேர்வு. கையுறை கட்டாயம், பார்த்தீனியம் பட்டால் தோல் அழற்சி வரும்.

2. சலித்தல்: 4 மி.மீ. சல்லடை போதும். வேர்த்துண்டுகளைப் பொறுக்கிவிடுங்கள், அவை துளிர்த்தால் கணக்கு கெடும்.

3. பரப்புதல்: நான் தவறியது இங்கேதான். தட்டில் மண்ணை 3 செ.மீ. கனத்துக்குக் கொட்டினேன். ஆறு வாரத்தில் எட்டே நாற்றுகள். நிலம் தேறிவிட்டது என்று மகிழ்ந்து, தட்டைக் காலி செய்யக் கிளறினேன். மறுநாள் கொட்டலாம் என்று விட்டுவைத்த மண்ணில் சில நாள்களில் பார்த்தீனியம் பச்சைப்பசேலென எழுந்தது. சிறு விதைகள் பல, வெளிச்சம் படாமல் முளைப்பதில்லை. அதனால், வேகவைத்து ஆறிய மணல்மேல் அரை செ.மீ. கனத்துக்கு மட்டும் பரப்புங்கள். வெறும் மணல் தட்டு ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள். அதில் முளைப்பது காற்றில் வந்த விதை.

4. எண்ணுதல்: வாரந்தோறும் அடையாளம் கண்டு, எண்ணி, பிடுங்குங்கள். தெரியாத நாற்றைத் தொட்டியில் நட்டுப் பூக்கும்வரை வளருங்கள். முளைப்பு நின்றதும் காயவிட்டு, கிளறி, மீண்டும் நீர் தெளியுங்கள். 20 குழாய்களின் பரப்பு சுமார் 393 சதுர செ.மீ.; எண்ணிக்கையை 25.5ஆல் பெருக்கினால் சதுர மீட்டர் கணக்கு வரும்.

இரு பகுதிகளிலும் பழைய இனங்கள் முளைத்தால், பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் பிடுங்கிவந்தாலே நிலத்துக்கு வாய்ப்பு உண்டு. அடர்ந்த பகுதியில் பார்த்தீனியம் மட்டுமே வந்தால் வெளியிலிருந்து விதை கொண்டுவந்து தூவத்தான் வேண்டும்.

பின்சேர்க்கை: சீமைக் கருவேலம் மண்டிய நிலத்தில் அதன் நாற்று ஒன்றுகூட வரவில்லை என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அதன் விதையுறை கடினமானது, நீர் எளிதில் புகாது. சல்லடையில் தங்கியதை எறியாதீர்கள். அதிலுள்ள விதைகளைப் பொறுக்கி, உறையை உப்புத்தாளில் தேய்த்த பிறகு முளைக்க வையுங்கள்.