ஸ்போர்ட்ஸ் காரின் டேஷ்போர்டு டிரிம்மை நீங்களே மாற்றலாம்

டேஷ்போர்டு டிரிம், அதாவது டேஷ்போர்டின் மேல் தெரியும் அலங்காரப் பட்டைகளும் தகடுகளும், உடைவதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணங்கள். எங்கோ மறைந்திருக்கும் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றாமல் இழுத்திருப்பார்கள். இல்லையென்றால் நேராக வெளியே வர வேண்டிய கிளிப்பை மேல்நோக்கி நெம்பியிருப்பார்கள். ஆகவே ஒரு துண்டு அசைய மறுத்தால் இன்னும் பலமாக இழுக்காதீர்கள், டார்ச்சை எடுத்து இடுக்கில் அடித்துப் பாருங்கள். ஸ்போர்ட்ஸ் காரில் இதற்கு மேலும் சில தொல்லைகள் உண்டு: இடம் குறைவு, சட்டமில்லாத கதவுக் கண்ணாடி, மின்சாரத்தில் திறக்கும் மூடிகள். டிரிம்மைப் பூப்போல் கழற்றுகிறவர்கள்கூட இந்த விஷயங்களில் கோட்டைவிட்டுப் பெரிய செலவை இழுத்துக்கொள்கிறார்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

டிரிம் இரண்டு வகை. பழையதை முழுதாக எடுத்துவிட்டு அதே கிளிப் இடங்களில் புதியதை மாட்டுவது ஒன்று. பழையதன் மேலேயே ஒட்டும் மெல்லிய மேலுறை இன்னொன்று. முதலாவது விலை கூடுதல், வேலையும் கூடுதல், ஆனால் பிறகு கவலை இல்லை. இரண்டாவது சுலபம், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமன் சேர்வதால் குளோவ் பாக்ஸ் மூடி உரசும், சுவிட்ச்கள் உள்ளே புதைந்தாற்போல் தெரியும். ஆர்டர் செய்யும் முன் அந்தத் தடிமனைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரே மாடல் என்றாலும் பாகம் ஒன்றாக இருக்காது. ஸ்டீயரிங் வலமா இடமா, கியர் மேனுவலா ஆட்டோமேட்டிக்கா, ஸ்டார்ட் பட்டனுக்குத் துளை உண்டா, ஸ்கிரீன் எந்த அளவு, இடையில் வடிவம் மாற்றப்பட்ட வருடத்துக்கு முந்தியதா பிந்தியதா என்று ஐந்தையும் சரிபாருங்கள். பாகம் கைக்கு வந்ததும் பின்புறத்தைப் பாருங்கள். முன்புறம் பளபளப்பாக இருந்து, பின்னால் ஒரு கிளிப் மேடை (கிளிப்பைத் தாங்கும் புடைப்பு) குறைந்திருந்தால் அந்த ஓரம் என்றைக்கும் உட்காராது. பெயின்ட் அல்லது லாக்கர் (பளபளப்புக்கான மேற்பூச்சு) அடித்த பாகங்களில் கிளிப் நுழையும் பள்ளத்திலும் பூச்சு படிந்திருக்கும். அதைக் கத்தி முனையால் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும்.

புதிய கிளிப்களைத் தேவைக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகவே வாங்கிவையுங்கள். பழைய பிளாஸ்டிக் கிளிப் வெளியே வரும்போது முழுசாகத் தெரிந்தாலும், உள்ளே வெளிறிய கோடு விழுந்திருந்தால் அதன் பிடிப்பு போய்விட்டது என்று அர்த்தம்.

கருவிகள்

பிளாஸ்டிக் நெம்புகோல்கள் இரண்டு மூன்று அளவில், மாஸ்கிங் டேப், டார்ச், நீளமான மூக்குக் குறடு, ஹேர் டிரையர். ஐரோப்பியக் கார்களுக்கு ஆறுமுனை நட்சத்திர வடிவ டார்க்ஸ் பிட்கள் வேண்டும், டி20, டி25 இரண்டும் அதிகம் பயன்படும். டி25 தலையில் டி20 பிட்டும் நுழையும், சுற்றவும் செய்யும், தலையைத் தின்றும் விடும். முதலில் பெரியதைப் பொருத்திப் பார்த்துவிட்டுத்தான் சிறியதற்கு இறங்க வேண்டும். ஜப்பானியக் கார்களில் பிளஸ் போல் தெரிவது பெரும்பாலும் ஜேஐஎஸ், அதாவது ஜப்பானியத் தர அளவு ஸ்க்ரூ. அதில் சாதாரண பிலிப்ஸ் முனை முழுதாக இறங்காமல் வழுக்கும். பிட் காந்தமுள்ளதாக இருக்கட்டும். கியர் லீவரைச் சுற்றியுள்ள குழியில் ஒரு ஸ்க்ரூ விழுந்துவிட்டால், அதைத் தேடுவது டிரிம் வேலையைவிட நீளும். அந்தக் குழியை ஆரம்பத்திலேயே துணி வைத்து அடைத்துவிடுங்கள்.

மின்சாரத்தை நிறுத்தும் முன்

பேட்டரியைக் கழற்றிய பிறகு செய்ய முடியாத வேலைகள் பல. அவற்றை முதலில் முடித்துவிட வேண்டும்.

இரண்டு சீட்டையும் முழுதாகப் பின்னால் தள்ளுங்கள். ஸ்டீயரிங் மின்சாரத்தில் நகர்வதாக இருந்தால் கீழே இறக்கி வெளியே இழுத்துவிடுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் கன்சோலை (இரண்டு சீட்டுக்கும் நடுவில் உள்ள பெட்டி) தூக்குவதற்கு லீவர் எந்த நிலையில் இருக்க வேண்டுமோ அங்கே கொண்டுவாருங்கள்; சக்கரத்துக்கு அடைக்கட்டை வைத்து ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிடுங்கள். பழைய ரேடியோவுக்குப் பூட்டு எண் உண்டா என்று பாருங்கள்.

கண்ணாடிகளை இறக்கிவைப்பது இதில் மிக முக்கியம். கூப்பே, கன்வெர்டிபிள் கார்களில் கதவைத் திறக்கும்போது கண்ணாடி சில மில்லிமீட்டர் தானாக இறங்கி, மூடிய பின் ரப்பருக்குள் ஏறிக்கொள்ளும். பேட்டரி இணைப்பு இல்லாவிட்டால் அது நடக்காது. அந்த நிலையில் கதவை அடித்து மூடினால் கண்ணாடி மேலேயுள்ள ரப்பரிலோ பட்டையிலோ மோதும்.

பேட்டரி முன்பக்க டிக்கியிலோ பின்பக்க டிக்கியிலோ இருக்கும் கார்களில் மூடியே மின்சாரத்தில் திறப்பதாக இருக்கலாம். இணைப்பை எடுத்துவிட்டு மூடியைச் சாத்தினால் பேட்டரி உள்ளே, நீங்கள் வெளியே. பூட்டு விழாதபடி தடிமனான துணியைச் சுருட்டி அங்கே வைத்துவிடுங்கள்.

பிறகு இக்னிஷனை அணைத்து, நெகட்டிவ் டெர்மினலை மட்டும் கழற்றி, அது தானாகச் சாய்ந்து ஒட்டிக்கொள்ளாதபடி துணியால் சுற்றுங்கள். உடனே வேலையைத் தொடங்க வேண்டாம். ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் உள்ள கெப்பாசிட்டர்கள், பேட்டரி போன பிறகும் பையை வெடிக்கச் செய்யும் அளவு மின்னூட்டத்தைச் சிறிது நேரம் வைத்திருக்கும். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும், சர்வீஸ் கையேட்டில் இருக்கும். இருபது நிமிடம் விட்டால் பெரும்பாலான கார்களுக்கு அது போதும். ரேடியோ நினைவு அழியாமலிருக்க வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கும் கருவிகளை இந்த வேலையில் பயன்படுத்தவே கூடாது. அது இந்தப் பாதுகாப்பையே இல்லாமல் செய்துவிடும்.

கழற்றுவது

கடைசியாக மாட்டியது முதலில் வரும் என்பதுதான் வரிசை. பெரும்பாலும் கதவைத் திறந்தால் தெரியும் டேஷ்போர்டின் பக்க மூடி முதலில். அதன் பின்னால் நீளப் பட்டையைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ இருக்கலாம். அடுத்து கியர் நாப். திருகிக் கழற்றும் வகையா, நேராக மேலே இழுக்கும் வகையா என்று தெரிந்துகொண்டு கைவையுங்கள். இழுக்கும் வகை திடீரென்று விடுபடும், முகத்தை அதற்கு நேரே வைக்க வேண்டாம். பிறகு கியர் உறை, கன்சோல் மேல்தகடு, நடு ஃபிரேம், கடைசியில் பயணி பக்க நீளப் பட்டை.

நெம்பும் இடத்துக்குப் பக்கத்துத் துண்டின் ஓரத்தில் இரண்டு அடுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். கீறல் விழுவது நீங்கள் எடுக்கும் துண்டில் அல்ல, பக்கத்தில் நிற்கும் துண்டில்தான். மிருதுப் பூச்சு உள்ள பிளாஸ்டிக் பழசாகிப் பிசுபிசுத்திருந்தால் டேப் அந்தப் பூச்சையே உரித்துக்கொண்டு வரும்; அங்கே டேப்புக்குப் பதில் துணி.

காரின் உள்ளே குளிராக இருந்தால் பிளாஸ்டிக் வளையாது, முறியும். ஹேர் டிரையரால் கைக்கு வெதுவெதுப்பாகத் தெரியும் வரை சூடாக்கினால் போதும். ஹீட் கன் வேண்டாம், பளபளப்பு போய்விடும்.

நெம்புகோலை ஒரு மூலையில் செருகி, முதல் கிளிப் இருக்கும் இடத்துக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாகக் கொண்டுபோங்கள். இரண்டு கிளிப்களுக்கு நடுவில் நெம்பினால் பட்டை வில்லாக வளைந்து முறியும். முதல் கிளிப் ‘டக்’ என்று விட்டதும் அந்த இடைவெளியில் விரலை விட்டு, பட்டையின் முகத்துக்குச் செங்கோணத்தில் இழுத்தபடி அடுத்த கிளிப்புக்குப் போங்கள். சில பட்டைகளின் ஒரு முனையில் கிளிப் இருக்காது, கொக்கி இருக்கும். எல்லாக் கிளிப்பும் விட்ட பிறகும் அந்த முனை பிடித்தால், இழுக்காமல் பக்கவாட்டில் நகர்த்திப் பாருங்கள்.

துண்டு வந்ததும் கையை நீட்டிப் பின்னால் எடுத்துவிடாதீர்கள். ஹசார்டு சுவிட்ச், ஸ்டார்ட் பட்டன், ஏசி கட்டுப்பாடு என்று ஏதாவது கம்பி தொங்கும். கனெக்டரை முதலில் உள்ளே ஒரு அழுத்து அழுத்தி, பிறகு அதைப் பூட்டும் நாக்கை அமுக்கி, கம்பியை அல்ல, கனெக்டரின் உடலைப் பிடித்து இழுங்கள். அப்படி உள்ளே அழுத்தும்போதுதான் நாக்கின் மேலுள்ள இறுக்கம் தளரும். பலர் விடும் படி இது. மஞ்சள் கனெக்டர் என்றால் ஏர்பேக் கம்பி. அதை விடுவிக்காமல் வேலை முடியுமா என்று பாருங்கள், அநேகமாக முடியும்.

ஸ்க்ரூக்களைக் கிண்ணத்தில் போட்டால் எது எங்கே என்று தெரியாமல் போகும். மாஸ்கிங் டேப்பில் வரிசையாக ஒட்டி, இடத்தைப் பேனாவால் எழுதிவையுங்கள். நீளமான ஸ்க்ரூவைக் குட்டை இடத்தில் போட்டால் எதிர்ப்பக்கம் முட்டி முகப்பில் புடைப்பு விழும்.

மாட்டும் முன்

உலோக ஸ்ப்ரிங் கிளிப்கள் பாதி நேரம் பட்டையோடு வராமல் டேஷ்போர்டுத் துளையிலேயே நின்றுவிடும். அவற்றைக் குறடால் எடுத்துப் புதிய பட்டையில் ஏற்றிவிட்டுத்தான் மாட்ட வேண்டும். ஏற்கெனவே ஒன்று நிற்கும் துளையில் இன்னொன்றை இடித்தால் இரண்டும் நாசம்.

உடைந்த மேடையை ஒட்ட நினைத்தால் பாகத்தின் பின்னால் அச்சிட்டிருக்கும் பொருள் குறியீட்டைப் பாருங்கள். ஏபிஎஸ் (ஒரு வகை பிளாஸ்டிக்) என்றால் இரண்டு பாகம் கலக்கும் எபாக்ஸி பிடிக்கும். பிபி (பாலிபுரோப்பிலீன்) என்றால் சாதாரணப் பசை எதுவும் நிற்காது, உருக்கி ஒட்ட வேண்டும். சூப்பர் க்ளூவை டேஷ்போர்டு பக்கமே கொண்டுவராமல் இருப்பது நல்லது. அதன் ஆவி கருப்பு பிளாஸ்டிக்கிலும் மீட்டர் கண்ணாடியிலும் வெள்ளையாகப் படியும்.

இது கிரீச் சத்தத்தைத் தீர்க்கவும் நல்ல சந்தர்ப்பம். இரண்டு துண்டுகள் உரசும் இடங்கள் பழைய பிளாஸ்டிக்கில் பளபளவென்று தேய்ந்த கோடாகத் தெரியும். அங்கே ஒயர் கட்டும் துணி டேப்பை மெல்லியதாக ஒட்டுங்கள். ஃபோம் வைத்தால் தடிமன் கூடி கிளிப் இறங்காது.

மேலுறை ஒட்டுவதாக இருந்தால்

டேஷ்போர்டுக்குப் போட்ட பாலிஷில் உள்ள சிலிகான்தான் முதல் எதிரி. சோப்புத் தண்ணீரால் துடைத்து, பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சமமாகக் கலந்து இரண்டு முறை துடையுங்கள். லாக்கர் பூச்சு உள்ள இடத்தில் ஓரமாகச் சோதித்துவிட்டுச் செய்யுங்கள். விஎச்பி போன்ற அக்ரிலிக் ஃபோம் டேப் (இருபுறமும் ஒட்டும் வலுவான டேப்) 21 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் நன்றாகப் பிடிக்கும். 20 நிமிடத்தில் ஏறக்குறையப் பாதி பலம், 24 மணி நேரத்தில் 90 சதவீதம், முழுப் பலம் 72 மணி நேரத்தில். அதுவரை காரை வெயிலில் நிறுத்தாதீர்கள்.

டேப்பின் காகிதத்தை முழுதாக உரிக்க வேண்டாம். நான்கு மூலைகளிலும் ஓர் அங்குலம் மட்டும் உரித்து மடித்து வெளியே நீட்டிவிட்டு, துண்டைச் சரியான இடத்தில் வைத்துப் பார்த்த பிறகு, அந்த நுனிகளை ஒவ்வொன்றாக இழுத்து அழுத்துங்கள். பயணி ஏர்பேக் கிழிந்து திறக்கும் மூடியின் மேலோ அதன் பிளவுக்கோட்டைத் தாண்டியோ எதையும் ஒட்டக் கூடாது. ஏர்பேக் விரியும்போது அந்தத் துண்டு முகத்தை நோக்கித்தான் பறந்து வரும்.

மாட்டுவதும் சோதிப்பதும்

கனெக்டர்கள் அனைத்தையும் செருகுங்கள், பயணி ஏர்பேக் அணைந்திருப்பதைக் காட்டும் விளக்கின் கனெக்டர் உட்பட. அதை விட்டுவிட்டு இக்னிஷனைப் போட்டால் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரியும், பல கார்களில் அதை அழிக்க ஸ்கேனர் வேண்டும். பட்டையைப் பொருத்தும்போது எல்லாக் கிளிப்பும் துளைக்கு நேராக நிற்கிறதா என்று பக்கவாட்டில் பார்த்துவிட்டு, உள்ளங்கையால் கிளிப்பின் மேலேயே தட்டுங்கள். ஒரே ஒரு கிளிப் மட்டும் இறங்காவிட்டால் அது மடிந்திருக்கிறது. வெளியே எடுத்து நிமிர்த்துங்கள்.

பிளாஸ்டிக்கில் இறங்கும் ஸ்க்ரூவை முதலில் இடப்பக்கமாக மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு சின்ன ‘டிக்’ கேட்கும். பழைய மரை கிடைத்துவிட்டது. அங்கிருந்து வலப்பக்கம் கையால் இறுக்குங்கள், டிரில் மெஷின் வேண்டாம். நேரடியாகத் திருகினால் புதிய மரை வெட்டி, இரண்டு மூன்று முறையில் துளை தளர்ந்துவிடும்.

பேட்டரியை இணைத்ததும், கண்ணாடியை முழுதாக ஏற்றி சுவிட்சைச் சில நொடி பிடித்திருங்கள். பெரும்பாலான கார்களில் தானாக ஏறி இறங்குவது அப்படித்தான் மீண்டும் பழகும். அது வேலை செய்கிறது என்று உறுதியாகும் வரை, கண்ணாடி மேலே இருக்கும்போது கதவை அடித்து மூடாதீர்கள். ஸ்டெபிலிட்டி (கார் வழுக்காமல் காக்கும் அமைப்பு) விளக்கு எரிந்தால் எஞ்சினை ஓட்டி ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருப்பினால் பல கார்களில் அணைந்துவிடும். சத்தம் வருகிறதா என்பதைக் கரடுமுரடான சாலையில், ரேடியோ இல்லாமல் ஓட்டிப் பாருங்கள். வந்தால் ஒருவர் ஓட்ட, இன்னொருவர் ஒவ்வொரு துண்டாக விரலால் அழுத்தினால், எதை அழுத்தும்போது சத்தம் நிற்கிறதோ அங்கேதான் கிளிப் முழுதாக இறங்கவில்லை.